இரண்டு திரையில் போட்டோ வேலை: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

கிளிநொச்சியில் இருந்துகொண்டு பரந்தன், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாங்குளம் என்று ஸ்டூடியோக்களுக்குக் கணினி திருத்தப் போகிறவன் நான். ஒரு கலியாண வீட்டுக்கோ சாமத்திய வீட்டுக்கோ போய் வந்தால் இரண்டாயிரம் மூவாயிரம் படம் சேர்ந்துவிடுகிறது. ஒரு திரையில் எல்லாவற்றையும் பரப்பி, மற்றதில் ஒன்றைப் பெரிதாக வைத்துப் பார்த்தால்தான் கண் மூடிய படத்தையும் ஆடிப்போன படத்தையும் சுறுக்காகக் கழிக்கலாம். ஆகவே நான் போகிற இடங்களில் அநேகமாக இரண்டு திரை இருக்கிறது. வருகிற முறைப்பாடுகளும் திரும்பத் திரும்ப ஒன்றேதான்.

இது விண்டோஸில் லைட்ரூம் கிளாசிக் (படங்களை அடுக்கி, தெரிவு செய்து, திருத்துகிற மென்பொருள்) வைத்திருப்பவர்களுக்காக எழுதியது. டிஜிகேம், டார்க்டேபிள் பாவிக்கிறவர்களுக்கும் கேபிள், விண்டோஸ், நிறம் பற்றிய பகுதிகள் அப்படியே பொருந்தும். உங்கள் அறிகுறி எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே போய் மேலிருந்து கீழாகச் செய்து பாருங்கள். செலவில்லாதவை மேலே, காசு போகிறவை கீழே.

எதையும் தொட முதல்

லைட்ரூமை மூடிவிட்டு, கேட்டலொக் இருக்கும் கோப்புறையை அப்படியே வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி எடுங்கள். எங்கே இருக்கிறதென்று தெரியாவிட்டால் 'எடிட்' மெனுவில் 'கேட்டலொக் செட்டிங்ஸ்', அதில் 'ஜெனரல்', அங்கே 'ஷோ' என்ற பொத்தான். கேட்டலொக்குக்குள் படம் இல்லை என்பதையும் கவனியுங்கள். படம் எந்த இடத்தில் கிடக்கிறது, அதில் நீங்கள் என்ன திருத்தம் செய்தீர்கள் என்ற விவரம்தான் அதில் இருக்கிறது. படங்கள் உள்ள கோப்புறைக்குத் தனியாக ஒரு பிரதி வேண்டும்.

எங்கள் பக்கத்தில் 2009க்கு முந்திய படம் ஒன்றுகூட இல்லாத வீடுகள் எத்தனையோ. இடம்பெயர்ந்து ஓடும்போது அல்பங்கள் வழியிலேயே போய்விட்டன. அந்த வீட்டுப் பிள்ளையின் கலியாணப் படம் இன்று உங்கள் டிஸ்க்கில் இருக்கிறது. அதனால் இந்த ஒரு படியை மட்டும் நான் யாரையும் தாண்ட விடுவதில்லை.

அறிகுறி 1: இரண்டாவது திரை கறுப்பு, அல்லது 'நோ சிக்னல்'

*மொனிட்டர் விளக்கு எரிகிறது, படம் இல்லை*

விண்டோஸ் விசையையும் 'பி'யையும் சேர்த்து அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' தெரிவாகி இருக்கிறதா என்று பாருங்கள். யாராவது புரொஜெக்டர் பூட்டிக் கழற்றியிருந்தால் இது மாறிப்போயிருக்கும். அடுத்து மொனிட்டரின் பொத்தானால் உள்ளீட்டை மாற்றுங்கள். கேபிள் எச்டிஎம்ஐயில் இருக்க, மொனிட்டர் விஜிஏயைப் பார்த்துக்கொண்டு நிற்பது அடிக்கடி நடக்கிறது.

அப்படியும் வராவிட்டால் கேபிளை இரு முனையிலும் கழற்றி, திரும்ப இறுக்கமாகப் பூட்டுங்கள். பூட்ட முதல் துளைக்குள் ஒருக்கா டோர்ச் அடித்துப் பாருங்கள். நாள்கணக்காகப் பாவிக்காத துளைக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

கணினியில் தனியாகக் கிராஃபிக்ஸ் கார்ட் இருந்தால் இரண்டு கேபிளும் அந்தக் கார்டில்தான் இருக்க வேண்டும். அந்தத் துளைகள் பெட்டியின் பின்புறம் கீழ்ப்பக்கத்தில் படுக்கையாக இருக்கும். மேலே யுஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்தில் இருப்பது மதர்போர்டின் துளை. கார்ட் பூட்டிய பல கணினிகளில் அது வேலை செய்யாது.

இனி முக்கியமான சோதனை. இரண்டு மொனிட்டரின் கேபிள்களையும் மொனிட்டர் பக்கத்து முனையில் மட்டும் ஒன்றுக்கொன்று மாற்றிப் பூட்டுங்கள். கோளாறு கேபிளோடு சேர்ந்து மற்ற மொனிட்டருக்குப் போனால் கேபிளோ அது வருகிற துளையோ பழுது. அதே மொனிட்டரில் நின்றால் மொனிட்டர் பழுது. இதைச் செய்யாமல் புது மொனிட்டர் வாங்கி, பிறகு கேபிள்தான் பிழை என்று கண்டவர்கள் இருக்கிறார்கள். எனக்கு உண்மையிலேயே மனவருத்தம் தருகிற செலவு அது.

எச்டிஎம்ஐயை விஜிஏ ஆக்குகிற சின்ன மாற்றி இடையில் இருந்தால் அதைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாதளவு சூடென்றால் அதை மாற்றுங்கள். இன்னொன்று, டிஸ்பிளே போர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ மொனிட்டருக்குப் போக என்று விற்கிற சாதாரண கேபிளை மறுபக்கமாகப் பூட்டினால் வேலை செய்யாது.

*திரை கறுப்பு, ஆனால் உள்ளே ஏதோ மங்கலாகத் தெரிகிறது*

அறையை இருட்டாக்கி, டோர்ச்சைச் சரிவாகத் திரையில் அடியுங்கள். திரையில் திறந்திருக்கும் விண்டோஸ் ஜன்னல்களின் நிழல் தெரிந்தால் பின்வெளிச்சம் போய்விட்டது. மொனிட்டரை நீங்களே திறக்க வேண்டாம், பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்னூட்டம் நிற்கும். திருத்துகிறவரிடம் கொடுங்கள். கேட்கிற கூலி புது மொனிட்டரின் விலையில் பாதியைத் தாண்டினால் விட்டுவிடலாம்.

*வந்து வந்து போகிறது*

எப்போது போகிறது என்று ஒரு நாள் எழுதி வையுங்கள். கிணற்று மோட்டர் போடும்போதோ, பக்கத்து அரிசி ஆலை தொடங்கும்போதோ போனால் மின்னழுத்தம் இறங்குகிறது. இரண்டு மொனிட்டரையும் கணினியோடு சேர்த்து ஒரே யூபிஎஸ்ஸில் போடுங்கள். லேசர் பிரின்டரை மட்டும் அந்த யூபிஎஸ்ஸில் போட வேண்டாம், அது ஒரேயடியாக இழுக்கிற மின்சாரத்தை யூபிஎஸ் தாங்காது.

கணினி ஒரு சுவர் பிளக்கிலும் மொனிட்டர் வேறு அறையிலிருந்து இழுத்த வயரிலும் இருப்பது நல்லதல்ல. எர்த் சரியில்லாத வீட்டில் இரண்டு பிளக்குக்கும் இடையிலான மின்னழுத்த வித்தியாசம் எச்டிஎம்ஐ கேபிள் வழியாகப் பாய்ந்து துளையை எரித்துவிடலாம். பெட்டியின் இரும்பில் கை பட்டால் விறைப்பதுபோல் இருக்கிறதா? அங்கேயே நிறுத்தி மின்சார வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். மென்பொருளில் தேட ஒன்றும் இல்லை.

சித்திரை மாதத்துப் பின்னேர இடியிலும் ஐப்பசி, கார்த்திகை இடியிலும் துளை எரிந்து வருகிற கணினிகள் அதிகம். இடி முழங்கத் தொடங்கும்போதே பிளக்கைக் கழற்றிவிட்டால் போதும். எரிந்த துளைக்கு மருந்தில்லை. கார்டில் வேறு துளை இருந்தால் அதைப் பாவியுங்கள், இல்லாவிட்டால் கார்டைத்தான் மாற்ற வேண்டும்.

அறிகுறி 2: விண்டோஸில் இரண்டு திரையும் வருகிறது, லைட்ரூம் மட்டும் ஒன்றில் நிற்கிறது

'எஃப்11' அழுத்துங்கள். மடிக்கணினியில் 'எஃப்என்' விசையோடு சேர்த்து அழுத்த வேண்டியிருக்கலாம். கீழே படங்கள் வரிசையாக நிற்கும் பட்டைக்கு மேல், இடது ஓரத்தில் 1, 2 என்று இரண்டு சின்னத் திரைகள் இருக்கும். 2ஐத் தட்டினாலும் அதே வேலைதான்.

*திறந்தது போல் இருக்கிறது, கண்ணில் படவில்லை*

மூன்றாவது மொனிட்டரையோ டிவியையோ கழற்றிய பிறகு இப்படி நடக்கும். இல்லாத திரையில் ஜன்னல் போய் நிற்கிறது. பணிப்பட்டையில் அதைத் தெரிவு செய்துவிட்டு விண்டோஸ் விசை, ஷிஃப்ட், இடது அம்பு மூன்றையும் அழுத்தினால் அடுத்த திரைக்குத் தாவும். தாவாவிட்டால் லைட்ரூமை மூடி, ஷிஃப்ட்டையும் ஆல்ட்டையும் பிடித்தபடி திரும்பத் திறவுங்கள். பிரிஃபரன்சஸை மீட்டமைக்கவா என்று கேட்கும். ஆம் என்றால் நீங்கள் செய்து வைத்த சில ஒழுங்குகள் போகும், படங்களுக்கோ திருத்தங்களுக்கோ ஒன்றும் ஆகாது.

*மவுஸ் அடுத்த திரைக்குப் போக மறுக்கிறது*

டிஸ்பிளே செட்டிங்ஸில் 1, 2 பெட்டிகளை மேசையில் மொனிட்டர்கள் இருக்கிற ஒழுங்கில் இழுத்து வையுங்கள். அவ்வளவுதான்.

அறிகுறி 3: இரண்டாவது திரையில் படம் மாறாமல் நிற்கிறது, அல்லது சும்மா சும்மா மாறுகிறது

இது பழுதல்ல. இரண்டாவது ஜன்னலின் மேல் வலது மூலையில் 'நோர்மல்', 'லைவ்', 'லொக்ட்' என்று மூன்று இருக்கும். லொக்டில் இருந்தால் படம் அசையாது. லைவில் இருந்தால் மவுஸ் போகிற படமெல்லாம் வரும். நோர்மலில் விடுங்கள். ஷிஃப்டோடு 'ஜி' அழுத்தினால் இரண்டாவது திரையில் படங்கள் பரவும், ஷிஃப்டோடு 'ஈ' அழுத்தினால் ஒரு படம் பெரிதாக வரும்.

திருத்தும் ஸ்லைடர்களை இரண்டாவது திரைக்குக் கொண்டுபோக முடியாதா என்று பலர் கேட்கிறார்கள். லைட்ரூம் கிளாசிக்கில் முடியாது. டெவலப் வேலை முதல் திரையில்தான். ஆகவே உங்களிடம் இருப்பவற்றில் நல்ல திரையை முதல் திரையாக வையுங்கள்.

அறிகுறி 4: எழுத்து மங்கல், அல்லது ஒரு திரையில் மிகச் சிறிது

ஒரு திரை 4கே, மற்றது பழைய 1920க்கு 1080 என்றால் இப்படி வரும். டிஸ்பிளே செட்டிங்ஸில் ஒவ்வொரு திரைக்கும் 'ரெக்கமெண்டட்' என்று போட்டிருக்கிற ரெசல்யூஷனையே வையுங்கள். எழுத்தின் அளவை ஸ்கேலில் மாற்றுங்கள், 4கே திரைக்கு 150 சதவீதம், மற்றதற்கு 100. மாற்றிய பிறகு லைட்ரூமை மூடித் திறக்க வேண்டும்.

விஜிஏ கேபிள் என்றால் மொனிட்டரின் 'ஓட்டோ' பொத்தானை அழுத்துங்கள். டிவியை இரண்டாவது திரையாக வைத்து ஓரங்கள் வெட்டுப்பட்டால் டிவியின் பட அளவில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' தெரிவு செய்யுங்கள். 4கே திரையில் மவுஸ் இழுபடுவதுபோல் இருந்தால் அட்வான்ஸ்ட் டிஸ்பிளேயில் ரிஃப்ரெஷ் ரேட்டைப் பாருங்கள். 30 ஹெர்ட்ஸில் நின்றால், துளை அல்லது கேபிள் பழைய எச்டிஎம்ஐ. டிஸ்பிளே போர்ட் இருந்தால் அதற்கு மாறுங்கள்.

அறிகுறி 5: இரண்டு திரையிலும் நிறம் இரண்டு விதம்

என்னை அதிகம் கூப்பிடுவது இதற்குத்தான், அவசரப்பட்டுப் பிழை விடுவதும் இதில்தான். முல்லைத்தீவுப் பக்கம் ஒரு ஸ்டூடியோ அண்ணை, கூறைச் சேலையின் சிவப்பு ஒரு திரையில் செம்மஞ்சளாகவும் மற்றதில் கருஞ்சிவப்பாகவும் தெரிய, இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறத்தை ஊகித்து முழு அல்பத்தையும் திருத்தி அச்சுக்கு அனுப்பிவிட்டார். வந்த அல்பத்தில் மணமகளின் முகமே வேறு நிறம். "தம்பி, எந்தத் திரையைத்தான் நம்புறது?" என்றார். சரியான கேள்வி. கீழே உள்ள ஒழுங்கில் போனால் விடை கிடைக்கும்.

*ஒரு திரை முழுக்க மஞ்சள் அல்லது நீலம்*

விண்டோஸில் 'நைட் லைட்' நிறுத்துங்கள். எச்டிஆர் போட்டிருந்தால் அதையும் நிறுத்துங்கள். அடுத்து மொனிட்டரின் சொந்த மெனு. 'ஐ சேவர்', 'ரீடிங்', 'கேம்', 'விவிட்' எல்லாவற்றையும் விட்டு 'எஸ்ஆர்ஜிபி' அல்லது 'ஸ்டாண்டர்ட்' வையுங்கள். நிறவெப்பம் 6500 கெல்வின். ஒளிர்வைத் தானாக மாற்றுகிற வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். நான் பார்த்தவற்றில் பெரும்பங்கு இத்தோடு முடிந்துவிட்டது.

*கறுப்புத் தலைமுடி சாம்பலாக, படமே வெளிறி*

எச்டிஎம்ஐயில் போகும் மொனிட்டரைக் கணினி சிலவேளை டிவி என்று நினைத்து, 0 முதல் 255 வரையான அளவை 16 முதல் 235 வரையாகச் சுருக்கி அனுப்பும். என்விடியா என்றால் அதன் கன்ட்ரோல் பேனலில் 'சேஞ்ச் ரெசல்யூஷன்' பக்கத்தில் 'அவுட்புட் டைனமிக் ரேஞ்ச்' என்பதை 'ஃபுல்' ஆக்குங்கள். ஏஎம்டி என்றால் பிக்ஸல் ஃபோர்மட்டில் 'ஆர்ஜிபி ஃபுல்'. ஒரு நிமிட வேலை. இது தெரியாமல் ஒவ்வொரு படத்திலும் கறுப்பை ஏற்றி ஏற்றித் திருத்தியவர்கள் இருக்கிறார்கள்.

*மற்ற எல்லாவற்றிலும் சரி, லைட்ரூமில் மட்டும் நிறம் கெட்டிருக்கிறது*

மொனிட்டரின் நிறப் புரொஃபைல், அதாவது அந்தத் திரை நிறத்தை எப்படிக் காட்டும் என்று கணினிக்குச் சொல்கிற கோப்பு, பிழை. மொனிட்டரோடு வந்த டிரைவர் சிலவேளை கெட்ட புரொஃபைலைக் கொண்டுவந்து வைத்துவிடும். ஸ்டார்ட் மெனுவில் 'கலர் மனேஜ்மென்ட்' என்று தேடித் திறவுங்கள். 'டிவைஸ்' இடத்தில் அந்த மொனிட்டரைத் தெரிவு செய்து, 'யூஸ் மை செட்டிங்ஸ்' என்பதில் குறியிட்டு, எஸ்ஆர்ஜிபி புரொஃபைலைச் சேர்த்து அதையே 'டிஃபோல்ட்' ஆக்குங்கள். லைட்ரூமை மூடித் திறவுங்கள். சரியானால் பழைய புரொஃபைல்தான் காரணம். ஒவ்வொரு மொனிட்டருக்கும் தனித்தனிப் புரொஃபைல் வேண்டும், ஒன்றுக்குச் செய்ததை மற்றதற்குப் போட்டால் இன்னும் கெடும்.

*தலையை அசைத்தால் நிறம் மாறுகிறது*

கதிரையில் இருந்தபடி தலையை மேலும் கீழும் அசையுங்கள். முகத்தின் நிறம் வெளுத்துக் கறுத்தால் அது டிஎன் வகைத் திரை. எந்த அமைப்பாலும் திருத்த முடியாது. அதைப் படம் பரப்பவும் கோப்புறை பார்க்கவும் வைத்துக்கொண்டு, நிறம் பார்ப்பதை ஐபிஎஸ் திரையில் (எந்தக் கோணத்தில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகை) செய்யுங்கள்.

*திரைகள் ஒத்துப்போகின்றன, அச்சில் மட்டும் இருட்டு*

திரையின் வெளிச்சம் கூடிவிட்டது. வெய்யில் நேரத்தில் யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒளிர்வை நூறுக்கு ஏற்றியிருப்பீர்கள். யன்னலுக்குத் திரைச்சீலை போட்டு, ஒளிர்வைக் குறையுங்கள். ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில், நீங்கள் வழக்கமாகப் படம் பார்க்கும் விளக்கில் பிடியுங்கள். திரையின் வெள்ளை அந்தத் தாளின் வெள்ளைக்குக் கிட்ட வரட்டும். அப்புறம் அச்சகத்தில் அவர்களுடைய புரொஃபைலைக் கேட்டு வாங்கி, டெவலப்பில் 'எஸ்' விசையை அழுத்தி அந்தப் புரொஃபைலில் பாருங்கள். முழு அல்பத்துக்கு முன் நான்கு படத்தை மட்டும் அச்சடித்துப் பார்ப்பது மிகவும் மலிவு.

*இவ்வளவும் செய்தும் சரிவரவில்லை*

நிற அளவீட்டுக் கருவி வேண்டும். விலை கூடியது, ஆனால் ஒரு கருவியால் எத்தனை திரையையும் அளக்கலாம் என்பதால் மூன்று நான்கு ஸ்டூடியோக்கள் சேர்ந்து வாங்குங்கள் என்றுதான் நான் சொல்வது. 6500 கெல்வின், காமா 2.2, ஒளிர்வு சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கண்டெலா. இரண்டு திரைக்கும் இதே இலக்கு. அளந்த பிறகும் இரண்டும் முற்றிலும் ஒன்றாகத் தெரியாது, வேறு வேறு நிறுவனத்தின் திரைகள் அப்படித்தான். அளந்த ஐபிஎஸ் திரையை மட்டும் நம்புங்கள், மற்றதில் நிறத்தைப் பற்றி முடிவெடுக்க வேண்டாம். ஒரே திரைக்குள்ளேயே ஒரு மூலை மஞ்சளடித்துப் போயிருந்தால் அது முதுமை, திரையை மாற்ற வேண்டியதுதான்.

அறிகுறி 6: இரண்டாவது ஜன்னலைத் திறந்ததும் எல்லாம் மந்தம்

முதலில் டெவலப் செய்யும் நேரத்தில் 'எஃப்11' அழுத்தி இரண்டாவது ஜன்னலை மூடிப் பாருங்கள். ஒரு படத்தை இரண்டு இடத்தில் பெரிதாக வரைவது கணினிக்கு இரட்டை வேலை. மூடியதும் வேகம் வந்தால், படம் தெரிவு செய்யும்போது மட்டும் இரண்டாவது திரையைப் பாவியுங்கள்.

படங்களை உள்ளே எடுத்தவுடன் 'லைப்ரரி' மெனுவில் '1:1 பிரிவியூ' (ஒவ்வொரு படத்துக்கும் முழு அளவில் முன்கூட்டியே செய்து வைக்கிற பார்வைப் பிரதி) கட்ட விட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். வந்த பிறகு ஒவ்வொரு படத்துக்கும் காத்திருக்கத் தேவையில்லை. 4கே மொனிட்டர் புதிதாகப் பூட்டிய பிறகு மந்தமானால் கேட்டலொக் செட்டிங்ஸில் 'ஃபைல் ஹேண்ட்லிங்' பாருங்கள். ஸ்டாண்டர்ட் பிரிவியூ அளவு 'ஓட்டோ'வில் இருந்தால் பெரிய திரைக்கு ஏற்றபடி எல்லாப் பிரிவியூவும் பெருக்கும். அளவைக் குறைத்துப் பாருங்கள்.

திரை மின்னினாலோ, கறுப்புச் சதுரங்கள் வந்தாலோ பிரிஃபரன்சஸில் 'பெர்ஃபோமன்ஸ்' போய்க் கிராஃபிக்ஸ் புரொசெசரை நிறுத்துங்கள். சரியானால் டிரைவரைப் புதுப்பித்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். என்விடியா என்றால் 'ஸ்டூடியோ' டிரைவர்.

காலையில் நல்ல வேகம், மத்தியானம் மந்தம் என்றால் சூடு. எங்கள் செம்மண் புழுதி, சூட்டை வெளியேற்றுகிற உலோகத் தகடான ஹீட்சிங்கில் கம்பளி போலப் படிந்துவிடும். கணினியை அணைத்து, விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுகருவியால் ஊதுங்கள். பிடிக்காமல் ஊதினால் விசிறி அளவுக்கு மேல் சுழன்று கெடும்.

காசு செலவழிக்கத்தான் வேண்டுமென்றால் முதலில் எஸ்எஸ்டி வாங்கி, கேட்டலொக்கை அதில் வையுங்கள். அடுத்து ரேம். கிராஃபிக்ஸ் கார்ட் கடைசி.

அறிகுறி 7: கரண்ட் போய் வந்த பிறகு

*ஜன்னல்கள் எல்லாம் ஒரே திரையில் குவிந்துவிட்டன*

விண்டோஸ் 11இல் டிஸ்பிளே செட்டிங்ஸில் 'மல்டிபிள் டிஸ்பிளேஸ்' பகுதியில், ஜன்னல்களின் இடத்தை நினைவில் வைக்கும் தெரிவு இருக்கிறது. அதில் குறியிடுங்கள்.

*கேட்டலொக் திறக்கவில்லை, வேறொன்று அதைத் திறந்து வைத்திருக்கிறது என்கிறது*

இங்கே கை பதறக்கூடாது. டாஸ்க் மனேஜரில் லைட்ரூம் ஓடவில்லை என்று உறுதி செய்யுங்கள். கேட்டலொக் கோப்புறையை முழுதாகப் பிரதி எடுங்கள். பிறகு அதில் பெயரின் முடிவில் 'லொக்' (lock) என்று வருகிற சின்னக் கோப்பை மட்டும் வெளியே நகர்த்தி, லைட்ரூமைத் திறவுங்கள். பக்கத்தில் 'வால்' (wal) என்று முடிகிற கோப்பு ஒன்று இருக்கலாம். அதை அழிக்கவே கூடாது. கரண்ட் போக முன் நீங்கள் செய்த, இன்னும் கேட்டலொக்கில் சேராத திருத்தங்கள் அதற்குள்தான் இருக்கின்றன. லைட்ரூம் திறக்கும்போது அதுவே எடுத்துச் சேர்த்துக்கொள்ளும்.

*கேட்டலொக் பழுதென்கிறது*

லைட்ரூம் திருத்தித் தர முன்வந்தால் விடுங்கள். முடியாவிட்டால் 'பேக்கப்ஸ்' கோப்புறையில் திகதிப்படி இருக்கும் கடைசிப் பிரதியை விரித்துத் திறவுங்கள். அந்தத் திகதிக்குப் பிந்திய திருத்தங்கள் மட்டும் போயிருக்கும். 'ஆட்டோமெட்டிக்கலி ரைட் சேஞ்சஸ்' என்ற தெரிவை முன்னமே போட்டிருந்தால் படத்தோடு எழுதிவைத்த திருத்தங்களை மீட்கலாம். இன்றைக்கே போட்டு வையுங்கள்.

*டிஸ்க்கிலிருந்து 'டக், டக்' என்று சத்தம்*

அந்த நிமிடமே அணையுங்கள். திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டாம், வேறு கணினியில் பூட்டிப் பார்க்க வேண்டாம், இணையத்தில் கிடைக்கிற மீட்பு மென்பொருள் எதையும் ஓட விட வேண்டாம், என்னையும் கூப்பிட வேண்டாம். ஒவ்வொரு சுழற்சியிலும் படம் அழியலாம். டிஸ்க்கைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து, தரவு மீட்பை மட்டுமே தொழிலாகச் செய்கிற ஒருவரிடம் கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள். எந்தக் கோப்புறை முதலில் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி அதோடு சேர்த்துக் கொடுங்கள்.